பன்னாட்டு வர்த்தக, முதலீட்டு வழக்குகளில் குடிமைச் சமூகத்துக்கு என்ன இடம்?

ஒரு சுரங்க நிறுவனம் ஒரு நாட்டின் மீது பன்னாட்டு நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுத்தால், அதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு பரவுகிறது. சுற்றுச்சூழல் அமைப்புகள் அந்த நிறுவனத்தை எதிர்த்துப் பன்னாட்டு மன்றத்தில் வாதாடுவதாக ஒரு சாரார் எழுதுகிறார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் இந்த வழக்குகளில் மக்கள் தரப்பு வாயே திறக்க முடியாது என்று மறு சாரார் எழுதுகிறார்கள். இரண்டும் சரியில்லை. உண்மையில் இருப்பது ஒரு குறுகலான வழி: வழக்கில் தரப்பாக இல்லாத ஒருவர், மன்றம் அனுமதித்தால், எழுத்து வடிவில் ஒரு கருத்துரையைத் தாக்கல் செய்யலாம். அந்த வழி எப்படித் திறந்தது, யாருக்குத் திறக்கிறது, அதன் வழியே போனவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

குடிமைச் சமூகம் என்று இங்கே சொல்வது, அரசின் அங்கமாகவோ லாபத்துக்கான நிறுவனமாகவோ இல்லாத மக்கள் அமைப்புகளை: தொழிற்சங்கங்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள், மனித உரிமைக் குழுக்கள், பழங்குடி அமைப்புகள் போன்றவை.

ஒரு குடியிருப்புச் சங்கத்தின் தகராறு

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம், மின்சாரம் போகும்போது ஜெனரேட்டர் இயக்கித் தர ஓர் ஒப்பந்ததாரருடன் பத்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் மூன்று நடுவர்களிடம் தீர்த்துக்கொள்வது என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. இயந்திரத்தின் சத்தமும் புகையும் தாங்க முடியாமல் தரைத்தளத்துக் குடும்பங்கள் புகார் செய்யவே, மூன்றாம் ஆண்டில் சங்கம் அதை நிறுத்திவிடுகிறது. மீதி ஏழு ஆண்டுகளின் லாபத்தை இழப்பீடாகக் கேட்டு ஒப்பந்ததாரர் நடுவர்களிடம் போகிறார்.

விசாரணை அறையில் இருப்பவர்கள் ஒப்பந்ததாரரும் சங்கத்தின் நிர்வாகிகளும் மட்டுமே. சங்கம் தோற்றால் பணம் எல்லாக் குடும்பங்களின் பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் போகும். ஆனால் புகையைச் சுவாசித்த தரைத்தளத்துக் குடும்பத்துக்கு அந்த அறையில் இடமில்லை, ஏனென்றால் ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்திடவில்லை. 'எங்கள் சார்பில்தானே சங்கம் பேசுகிறது' என்று அவர்கள் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தம் போடும்போது தரைத்தளத்தாரைக் கேட்காமலேயே கையெழுத்திட்ட நிர்வாகிகள், அந்தக் குறையைத் தாங்களே நடுவர்களிடம் எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தக் குடும்பம் செய்யக்கூடியது, நடுவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, படிக்கும்படி வேண்டிக்கொள்வது.

சங்கத்தின் இடத்தில் ஓர் அரசையும், ஒப்பந்ததாரரின் இடத்தில் ஒரு வெளிநாட்டு முதலீட்டாளரையும் வைத்தால், பன்னாட்டு முதலீட்டு வழக்கின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். ஒப்புமை இத்துடன் போதும்.

இரண்டு மன்றங்கள், இரண்டு விளைவுகள்

வர்த்தக வழக்கும் முதலீட்டு வழக்கும் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 1995 ஜனவரி 1 முதல் இயங்கும் உலக வர்த்தக அமைப்பில், ஓர் உறுப்பினரின் மீது இன்னோர் உறுப்பினர் மட்டுமே வழக்குத் தொடுக்க முடியும். ஒரு நிறுவனத்துக்குக்கூட அங்கே நேரடியாக இடமில்லை. தன் நாட்டு அரசை இணங்கவைத்துத்தான் அது காரியம் சாதிக்க வேண்டும். முதலில் ஒரு விசாரணைக் குழு வழக்கைக் கேட்கும். அதன் முடிவை எதிர்த்து ஏழு உறுப்பினர் கொண்ட மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம் என்பது ஏற்பாடு. தோற்ற நாடு தன் விதியை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வென்ற நாடு பதிலுக்கு வரி போன்ற நடவடிக்கை எடுக்க அனுமதி பெறலாம்.

முதலீட்டு வழக்கில் வெளிநாட்டு முதலீட்டாளரே அரசின் மீது நேரடியாக வழக்குத் தொடுக்கிறார். நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகளே இதற்கு அடிப்படை. பெரும்பாலும் மூன்று பேர் கொண்ட நடுவர் மன்றம் அந்த ஒரு வழக்குக்காக மட்டும் அமைக்கப்படும். இத்தகைய வழக்குகளை அதிகம் நடத்துவது, 1966 முதல் உலக வங்கிக் குழுமத்தின் பகுதியாக வாஷிங்டனில் இயங்கும் இக்சிட் என்ற மையம். ஐ.நா.வின் வர்த்தகச் சட்ட ஆணையமான அன்சிட்ரால் வகுத்த விதிகளின் கீழும் பல வழக்குகள் நடக்கின்றன. இங்கே தோற்ற அரசு பொதுவாக விதியை மாற்ற வேண்டியதில்லை; பணம் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் மக்களின் வரிப்பணம் என்பதால்தான் இந்த வழக்குகளைச் சுற்றி இவ்வளவு சத்தம்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றே: முதல் மன்றத்தில் அரசுகள் மட்டுமே தரப்புகள், இரண்டாவதில் முதலீட்டாளரும் அரசும். குடிமைச் சமூகம் எதிலும் தரப்பு இல்லை.

அழைக்காமல் வரும் கருத்துரை

தரப்பு அல்லாதவர் தாக்கல் செய்யும் எழுத்துக் கருத்துரைக்கு அமிக்கஸ் கியூரி மனு என்று பெயர். செய்தித்தாள்களில் இந்தச் சொல்லைக் காணும்போது, நீதிமன்றம் தனக்கு உதவ ஒரு மூத்த வழக்கறிஞரைத் தானாகவே நியமித்ததாகத்தான் பெரும்பாலும் படித்திருப்போம். பன்னாட்டு மன்றங்களில் நிலைமை தலைகீழ். இங்கே யாரும் அழைப்பதில்லை. வெளியிலிருப்பவர் தானாக வந்து, 'இரு தரப்பும் சொல்லாத ஒன்று எங்களிடம் இருக்கிறது, கேளுங்கள்' என்று விண்ணப்பிக்கிறார். ஏற்பதும் தள்ளுவதும் மன்றத்தின் விருப்பம். ஏற்றாலும், அதற்குத் தீர்ப்பில் பதில் சொல்ல வேண்டிய கடமை மன்றத்துக்கு இல்லை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவோ, மேல்முறையீடு செய்யவோ இவருக்கு உரிமையும் இல்லை.

இறாலும் ஆமையும்

வர்த்தகத் தரப்பில் கதவு திறந்தது ஓர் இறால் வழக்கில். இறால் வலைகளில் கடலாமைகள் சிக்கிச் சாகாமல் தப்பிக்கும் கருவியைப் பொருத்தாத நாடுகளின் இறாலுக்கு அமெரிக்கா தடை விதித்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. சுற்றுச்சூழல் அமைப்புகள் தாமாக முன்வந்து கருத்துரைகளை அனுப்பின. தகவல் 'கேட்டுப் பெறும்' அதிகாரம் மட்டுமே எங்களுக்கு உண்டு, கேட்காமல் வந்ததை ஏற்க முடியாது என்றது விசாரணைக் குழு. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு அந்த வாசிப்பைத் தள்ளியது. கேட்டுப் பெறும் அதிகாரம் உள்ள மன்றத்துக்கு, கேட்காமல் வந்ததை ஏற்கவோ மறுக்கவோ உள்ள அதிகாரமும் உண்டு என்பது அதன் முடிவு. விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட மாறாமல், இருந்த வரியை விரித்துப் படித்ததால் மட்டுமே பிறந்த வழி இது.

அடுத்த படி 2000-இல், பிரிட்டிஷ் எஃகு தொடர்பான ஒரு வழக்கில். மேல்முறையீட்டு அமைப்பு, தானும் இத்தகைய கருத்துரைகளை ஏற்கலாம் என்று அறிவித்தது. அந்த வழக்கில் கருத்துரை அனுப்பியவை அமெரிக்க எஃகுத் தொழில் சங்கங்கள் என்பதை இந்தத் துறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். வழி திறந்தால் ஏழைகளின் குரலும் ஆமைகளின் காவலர்களும் மட்டும் அதில் வருவதில்லை, தொழில்துறையும் வரும்.

பதினேழு விண்ணப்பங்கள்

அதே ஆண்டு நவம்பரில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆஸ்பெஸ்டாசுக்கு பிரான்ஸ் விதித்த தடையை எதிர்த்துக் கனடா தொடுத்த வழக்கு மேல்முறையீட்டில் இருந்தது. கருத்துரைகள் வந்து குவியும் என்று எதிர்பார்த்த மேல்முறையீட்டு அமைப்பு, முறைப்படி ஒரு நடைமுறையை வகுத்தது. முதலில் மூன்று பக்கத்துக்கு மிகாமல் அனுமதி விண்ணப்பம். அதில் அமைப்பின் நோக்கம், நிதி ஆதாரம், வழக்கில் உள்ள அக்கறை, தரப்புகளோடு உள்ள தொடர்பு எல்லாம் சொல்லப்பட வேண்டும். அனுமதி கிடைத்தால் இருபது பக்கத்துக்கு மிகாமல் கருத்துரை. காலக்கெடு நவம்பர் 16, நண்பகல்.

பதினேழு விண்ணப்பங்கள் வந்தன. ஆறு காலக்கெடு தாண்டி வந்ததால் தள்ளப்பட்டன. நேரத்துக்கு வந்த பதினொன்றும் நிராகரிக்கப்பட்டன. நடைமுறையின் தேவைகளைப் போதிய அளவு நிறைவு செய்யவில்லை என்பதற்கு மேல் விளக்கம் இல்லை. நவம்பர் 22 அன்று உறுப்பு நாடுகள் சிறப்புக் கூட்டம் கூட்டி, நடைமுறையை வகுத்ததற்கே மேல்முறையீட்டு அமைப்பைக் கடிந்துகொண்டன. இனி மிகுந்த எச்சரிக்கையோடு இருக்கும்படி அதற்கு அறிவுறுத்தப்பட்டது.

எதிர்த்தவற்றில் வளரும் நாடுகள் பல. மக்கள் குரலுக்கு அஞ்சிய அரசுகள் என்று இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. உறுப்பு நாடுகளுக்கே இல்லாத வசதி, கேட்கும் உரிமை எதுவும் இல்லாத வெளியாருக்கு ஏன் என்பது அவர்களின் ஒரு கேள்வி. வழக்கில் நேரடித் தொடர்பில்லாத நாடு மூன்றாம் தரப்பாகச் சேரக் குறித்த காலத்தில் அறிவிக்க வேண்டும். ஒரு தன்னார்வ அமைப்போ எப்போது வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம் என்றால் எப்படி? நல்ல வழக்கறிஞர்களை அமர்த்தும் வசதி பெரும்பாலும் பணக்கார நாடுகளின் அமைப்புகளுக்கே இருப்பதால், அவற்றின் குரல் இரட்டிப்பாகும் என்பது இன்னொரு அச்சம். எனக்கு இந்த இரண்டாவது வாதத்தில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஆனால் அதற்கு மருந்து கதவை மூடுவது அல்ல என்றும் தோன்றுகிறது.

அதற்குப் பின் வர்த்தக மன்றத்தில் இந்த வழி திறந்தே இருந்தாலும், கருத்துரைகளைப் பெற்றுக்கொண்டு, அவற்றைச் சார்ந்திருக்கத் தேவை எழவில்லை என்று ஒரு வரியில் கடந்து செல்வதே வழக்கமாயிற்று. புதிய உறுப்பினர்களின் நியமனம் தடைபட்டதால், 2019 டிசம்பர் முதல் மேல்முறையீட்டு அமைப்பு முடங்கிக் கிடக்கிறது.

முதலீட்டு மன்றங்களின் கதவு

முதலீட்டு வழக்குகளில் திருப்பம் 2001 ஜனவரியில் வந்தது. பெட்ரோலில் சேர்க்கப்படும் எம்டிபிஇ என்ற வேதிப்பொருள் நிலத்தடி நீரில் கலக்கிறது என்று கலிஃபோர்னியா அதைத் தடை செய்ய முனைந்தது. அதன் மூலப்பொருளான மெத்தனாலைத் தயாரித்த மெத்தனெக்ஸ் என்ற கனடா நிறுவனம், ஏறத்தாழ 97 கோடி டாலர் கேட்டு அமெரிக்காவின் மீது வழக்குத் தொடுத்தது. நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ள நடுவர் மன்றத்துக்கு உள்ள பொது அதிகாரமே கருத்துரைகளை ஏற்கப் போதுமானது என்று அந்த மன்றம் முடிவு செய்தது. தனியார் இருவரின் தகராறைப் போல இதை நடத்த முடியாது, இதில் பொதுநலன் இருக்கிறது என்ற பார்வை அந்த முடிவின் உயிர். 2005-இல் மெத்தனெக்ஸ் தோற்றது.

அதே 2005-இல், பியூனஸ் அயர்ஸ் நகரின் குடிநீர் வழங்கலைப் பற்றி சூயஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் அர்ஜென்டினாவின் மீது தொடுத்த வழக்கில், இக்சிட் மன்றம் ஒன்று இதே திசையில் சென்றது. 2006 ஏப்ரலில் இக்சிட் தன் விதிகளைத் திருத்தி இதை எழுத்தில் சேர்த்தது. திருத்திய விதி மன்றத்தை மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னது. தரப்புகளிடம் இல்லாத பார்வையோ அறிவோ இந்தக் கருத்துரையில் உண்டா? அது வழக்கின் எல்லைக்குள் நிற்கிறதா? எழுதுகிறவருக்கு வழக்கில் குறிப்பிடத்தக்க அக்கறை இருக்கிறதா? இவற்றோடு, விசாரணை குலையக்கூடாது, தரப்புகளுக்கு அளவுக்கு மீறிய சுமை ஏறக்கூடாது.

ஆக, இரு மன்றங்களிலும் வழி பிறந்தது மன்றங்களின் விளக்கத்தால். பின்னர் முதலீட்டுத் தரப்பு அதை விதியாக்கியது, வர்த்தகத் தரப்பு ஆக்கவில்லை.

பார்க்காத வழக்குக்குக் கருத்து எழுதுவது

அனுமதி கிடைத்ததும் பாதி வெற்றி என்று அமைப்புகள் கொண்டாடுவதுண்டு. என் பார்வையில் உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தரப்புகள் என்ன வாதிட்டிருக்கின்றன, என்ன ஆவணங்களைத் தந்திருக்கின்றன என்று தெரியாமல், 'அவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன்' என்று ஒருவர் எப்படி எழுத முடியும்?

தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரக் குடிநீர் ஒப்பந்தம் 2005-இல் முறிந்தபோது, பைவாட்டர் காஃப் நிறுவனம் இக்சிட்டுக்குப் போனது. ஐந்து அமைப்புகளுக்கு 2007-இல் கருத்துரை எழுத அனுமதி கிடைத்தது; வழக்கு ஆவணங்களையோ விசாரணையையோ பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. 2008 தீர்ப்பு அந்தக் கருத்துரை பயனுள்ளதாக இருந்தது என்று குறிப்பிட்டது. தான்சானியா உடன்படிக்கையை மீறியது என்று முடிவான போதும் இழப்பீடு எதுவும் விதிக்கப்படவில்லை.

எல் சால்வடோரின் அனுபவம் இதன் மறுபக்கம். தங்கச் சுரங்கத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதால் பசிபிக் ரிம் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. சுரங்கத்தை எதிர்த்த உள்ளூர் அமைப்புகளின் கூட்டணிக்காகப் பன்னாட்டுச் சுற்றுச்சூழல் சட்ட மையம் கருத்துரை தந்தது. 2016 அக்டோபரில் நிறுவனம் தோற்று, அரசின் வழக்குச் செலவுக்காக 80 லட்சம் டாலர் கொடுக்க உத்தரவிடப்பட்டது. மக்கள் அமைப்புகளின் வாதம் வென்றது என்று பலர் எழுதினார்கள். தீர்ப்பைப் புரட்டினால் வேறு படம் தெரிகிறது. வழக்கில் தாக்கலான சாட்சியங்களைக் கருத்துரை எழுதியவர்கள் பார்க்காத நிலையில், அந்தச் சாட்சியங்களைப் பற்றிய அவர்களின் வாதத்தைக் கணக்கில் எடுப்பது முறையாகாது என்று மன்றம் ஒதுக்கிவிட்டது. அவர்கள் பார்க்காததற்குக் காரணம், ஆவணங்களைக் காட்டத் தரப்புகள் இசையாததே!

இந்தக் குறையைத் தீர்க்கவே அன்சிட்ராலின் வெளிப்படைத்தன்மை விதிகள் 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி முக்கிய ஆவணங்கள் இணையத்தில் வெளியாகும், விசாரணை பொதுவாகத் திறந்தே நடக்கும். ஆனால் அந்த நாளுக்குப் பின் செய்யப்பட்ட உடன்படிக்கைகளுக்கே அவை தாமாகப் பொருந்தும். வழக்குகளில் பெரும்பகுதி பழைய உடன்படிக்கைகளின் மேல்தான் எழுகிறது. பழையவற்றுக்கும் விதிகளை நீட்டும் மொரிஷியஸ் உடன்பாடு 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தாலும், அதில் முழுமையாகச் சேர்ந்த நாடுகள் வெகு சிலவே. இக்சிட்டின் 2022 ஜூலை விதிகளும், ஒரு தரப்பு ஆட்சேபித்தால் ஆவணம் காட்ட முடியாது என்ற பூட்டை வைத்தே இருக்கின்றன.

பாதிக்கப்பட்டவரே நடுநிலையாளராக வேண்டுமா?

ஜிம்பாப்வேயின் கிழக்குப் பகுதியில் அரசு எடுத்துக்கொண்ட நிலங்களுக்காக ஒரு குடும்பமும் பார்டர் டிம்பர்ஸ் நிறுவனமும் வழக்குத் தொடுத்தன. அந்த நிலம் தங்கள் மூதாதையருடையது என்ற நான்கு பழங்குடிச் சமூகங்கள், ஓர் ஐரோப்பிய மனித உரிமை மையத்தோடு சேர்ந்து கருத்துரைக்கு அனுமதி கேட்டன. 2012-இல் மன்றம் மறுத்தது. அந்தச் சமூகங்களின் தலைவர்களுக்கு அரசோடு உள்ள தொடர்பால் அவர்களின் சுதந்திரத்தில் ஐயம் எழுகிறது என்பது ஒரு காரணம். பழங்குடி உரிமை பற்றிய பன்னாட்டுச் சட்டம் வழக்கின் எல்லைக்குள் வரவில்லை என்பது இன்னொன்று.

விதி கேட்பது 'குறிப்பிடத்தக்க அக்கறை'. மன்றம் அதோடு நடுநிலையும் கேட்கிறது. அந்த நிலத்தில் வாழ்கிறவருக்கு அக்கறை எவ்வளவு அதிகமோ, நடுநிலை அவ்வளவு குறைவாகத் தெரியும். தொலைவிலிருந்து எழுதும் ஆய்வு மையத்துக்கு நடுநிலை உண்டு, அக்கறையைக் காட்டுவது கடினம். எல்லா மன்றங்களும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை. பெருவின் பூனோ பகுதி வெள்ளிச் சுரங்கத்தைப் பற்றிய பேர் கிரீக் வழக்கில், அந்தப் பகுதியில் இயங்கும் மனித உரிமை அமைப்புக்கு அனுமதி கிடைத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முதலீட்டு ஆய்வு மையத்துக்கு மறுக்கப்பட்டது.

எப்போது எடை கூடுகிறது?

கருத்துரை தீர்ப்பில் பளிச்சென்று தெரிந்த வழக்குகளில் ஒன்று உருகுவேயின் சிகரெட் வழக்கு. பெட்டியின் முன்னும் பின்னும் 80 விழுக்காடு பரப்பில் எச்சரிக்கை அச்சிட வேண்டும், ஒரு சின்னத்தின் பெயரில் ஒரே வகைதான் விற்கலாம் என்ற விதிகளை எதிர்த்து பிலிப் மோரிஸ் வழக்குத் தொடுத்தது. உலக சுகாதார அமைப்பும் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் செயலகமும் அளித்த கருத்துரையை மன்றம் ஏற்று, தீர்ப்பில் எடுத்துப் பயன்படுத்தியது. 2016 ஜூலையில் நிறுவனம் தோற்றது. அங்கே எழுதியவர்கள் சாதாரண அமைப்புகள் அல்லர், உலக நாடுகளே உறுப்பினராக உள்ள அமைப்பு என்பதையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளுக்குள் நடக்கும் முதலீட்டு வழக்குகளில் ஐரோப்பிய ஆணையமே அடிக்கடி இந்த வழியில் நுழைகிறது. ஒரே வரிசையில் நின்றாலும் எல்லோருடைய காகிதத்துக்கும் ஒரே எடை இல்லை.

கதவு மூடியபோது நடந்தது

பொலிவியாவின் கோச்சபாம்பா நகரில் குடிநீர் வழங்கல் ஒரு தனியார் கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, கட்டணம் உயர்ந்து, 2000-இல் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஒப்பந்தம் முறிந்தது. அகுவாஸ் டெல் துனாரி என்ற அந்த நிறுவனம் இக்சிட்டில் வழக்குத் தொடுத்தது. நகர மக்களின் அமைப்புகள் விசாரணையில் சேர அனுமதி கேட்டு 2002-இல் விண்ணப்பித்தன. தரப்புகளின் சம்மதமின்றி அனுமதிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று 2003 ஜனவரியில் மன்றம் கடிதம் அனுப்பியது. விதித் திருத்தத்துக்கு முந்தைய காலம் அது.

அதன் பின் அந்த அமைப்புகள் மன்றத்துக்கு எழுதுவதை விட்டு, நிறுவனத்தின் பங்குதாரர்களை நோக்கித் திரும்பின. பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான அமைப்புகள் அவர்களோடு சேர்ந்து, பங்குதாரர்களில் ஒன்றான பெக்டெல் நிறுவனத்துக்கு ஆண்டுக்கணக்கில் நெருக்கடி கொடுத்தன. 2006 ஜனவரியில், இழப்பீடு வாங்காமலே வழக்கு திரும்பப் பெறப்பட்டது. வெளிநாட்டுப் பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை அடையாளத் தொகையாக இரண்டு பொலிவியானோவுக்கு விட்டுக்கொடுத்தனர். தரப்பு அல்லாதவருக்கு விதியில் இடம் தந்த இக்சிட் திருத்தம் அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வந்தது.